குளியலறைக் கம்பி

பிப்ரவரி 6

அன்புத் திருப்புளிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேருக்கு மூன்று நல்ல கால்கள் இருக்கின்றன. மற்றபடி சௌக்கியம். உன் கால்கள் சம்மணம் போட்டுப் போட்டு அப்படியே மடிந்துபோய்விடவில்லை என்று நம்புகிறேன்.

பத்து நாள் தியானம் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தப் பத்து நாள் முடிந்து இன்னும் இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. உங்கள் மடத்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பிக்கு, தூங்கும் குழந்தை எழுந்துவிடும் என்பது போலப் பேசினார். "ஆபத்துன்னா கூப்பிட்டுத் தர்றோம். இல்லேன்னா லெட்டர் போடுங்க" என்றார். "ஆபத்து ஒண்ணுமில்லீங்க, தம்பிதான்" என்றேன். "அப்ப லெட்டர்" என்று வைத்துவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான். போனில் பேசினால் நமக்கு மூன்றாம் நிமிடம் சண்டை வரும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்குத் தொடை எலும்பு கூடி வருகிறது. எங்கள் மருத்துவமனை டாக்டர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே வைத்த தகடு நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றார். நாலு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறார். முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் பி.டி. வாத்தியாராக ஊதிய விசிலை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார். ஒரு விசில் என்றால் தண்ணீர், இரண்டு என்றால் நான் வர வேண்டும். மேல்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

குளியலறைக்குள் மட்டும் காலை வைக்க மாட்டேன் என்கிறார். அக்டோபரில், பிடித்து எழும் அந்தக் கம்பி சுவரிலிருந்து கழன்று கையோடு வந்து விழுந்தாரே, அன்றிலிருந்து இப்படித்தான். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் நாற்காலி போட்டுத்தான் குளிப்பாட்டுகிறேன். "நான் என்ன சைக்கிளா, வெளியில வச்சுக் கழுவறதுக்கு?" என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

எப்போது வருகிறாய்? லிப்ட் கம்பெனியில் உன் லீவு முடிந்திருக்குமே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. உடம்புக்கு ஒன்றுமில்லை. முதல் வாரம் முட்டி இரண்டும் அழுதன, இப்போது முனகுவதோடு சரி. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

வேலையை விட்டுவிட்டேன். கத்தாதே. கடிதத்தில் கத்தினால் காகிதம்தான் கிழியும். இங்கே எனக்கு வேலை இருக்கிறது. மடத்துத் தண்ணீர் மோட்டார் நான் வந்த அன்றே நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே எலிக் குடும்பம். யாருக்கும் நோகாமல் அவர்களை வெளியேற்றவே அரை நாள் ஆனது. அதிலிருந்து ரிப்பேர் எல்லாம் என் தலையில். எனக்குப் பாடம் சொல்லும் பிக்கு என்னைவிடப் பதினாறு வயது இளையவர். போல்ட்டுக்கும் நட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்.

நேற்று அவர் சொன்னது உனக்குப் பிடிக்கும். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. வலிக்கிறது. அது முதல் அம்பு, அதிலிருந்து தப்ப யாராலும் முடியாது. அடுத்த நொடி அவனே இன்னொரு அம்பை எடுத்து அதே புண்ணில் செருகிக்கொள்கிறான். ஏன் எனக்கு, யாரால் வந்தது, நான் அப்படிச் செய்திருக்கக் கூடாதே என்பதெல்லாம் அந்த இரண்டாவது அம்பு. துக்கத்தில் பெரும்பங்கு அதுதானாம். அதைக் கீழே போட முடியும் என்றுதான் புத்தர் நாற்பத்தைந்து வருஷம் ஊர் ஊராக நடந்து சொன்னார் என்றார்.

கேட்கும்போது புரிந்தது. உட்கார்ந்து கண்ணை மூடினால் அந்தக் கம்பி தெரிகிறது. நான் வாங்கி, நான் துளை போட்டு, நான் மாட்டிய கம்பி. இருபது மாடிக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவன், பெற்ற தகப்பன் குளிக்கும் இடத்தில் நாலு திருகாணியை ஒழுங்காக முடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூன்றே கால் கால்கள். என் இடுப்பு என்னோடுதான் இருக்கிறது. "எல்லாரையும்" கேட்டதாகச் சொன்னேன். இந்த வீட்டில் எல்லாரும் என்றால் அப்பா ஒருத்தர்தான். அவரை அப்பா என்றே எழுதலாம், எழுத்து ஒன்றும் செலவாகிவிடாது.

உன் இரண்டாவது அம்பை நான் இருபத்தாறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். மாவுக்கட்டு அறையில் எங்களிடம் ஒரு ரம்பம் இருக்கிறது தெரியுமா? காய்ந்த கட்டை அறுத்து எடுக்க. போட்டால் மரக்கடை மாதிரி சத்தம் வரும். வருகிறவர்களுக்கு எலும்பு உடைந்தபோதுகூட அவ்வளவு பயம் இருந்திருக்காது. ஆனால் அது சுற்றுகிற ரம்பம் இல்லை, இருந்த இடத்தில் ஆடுகிற ரம்பம். விறைப்பாக இருப்பதைத்தான் அறுக்கும். தோல் அதோடு சேர்ந்து ஆடிக்கொடுக்கும், அதனால் அறுபடாது. போன வாரம் கடோத்கஜன் மாதிரி ஒரு லாரி டிரைவர் வந்தார். ரம்பத்தைப் பார்த்ததும், "கட்டு இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர், பழகிடுச்சு" என்று எழுந்துவிட்டார். நான் வழக்கம் போல ரம்பத்தை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். மனிதர் என் கையையே இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம்தான் காலை நீட்டினார்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். விழுந்தது முதல் அம்பு. அது அப்பாவுக்குப் பட்டது, குணமாகிறது. இரண்டாவதை நீ கீழே போட்டதாகத் தெரியவில்லை. மடம் வரைக்கும் சுமந்துகொண்டு போய், துடைத்து வைத்துக் கும்பிடுகிறாய். கம்பி விழுந்தது விழுந்துவிட்டது. வீடு என்றால் ஏதாவது கழன்று விழத்தான் செய்யும். அதைத் தோண்டி என்ன ஆகப்போகிறது?

எழுது. வெறும் வயிற்றில் தியானம் செய்யாதே.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா என்று எழுதிவிட்டேன் பார், அப்பா.

ரம்பக் கதையை இளைய பிக்குவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "விறைப்பா இருக்கிறதைத்தான் அறுக்குமா?" என்று மூன்று முறை கேட்டார். அடுத்த நாள் பாடத்திலேயே சொல்லிவிட்டார். இனிமேல் நீயும் இந்த மடத்துக்கு ஒரு ஆசிரியை.

ஆனால் தோண்டாதே என்றாயே, அதில்தான் எனக்குச் சம்மதமில்லை. இங்கே தோண்டத்தான் சொல்லித் தருகிறார்கள். துக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையாகவே அதற்குக் காரணம் இருக்கிறது என்கிறார்கள். காரணம் தெரிந்தால்தான் தீரும். நீயும் படம் எடுக்காமல் கட்டுப் போட மாட்டாயே.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். அப்பா இப்போது எத்தனை எட்டு நடக்கிறார்? அந்தக் கம்பி விழுவதற்கு முன்னால் ஆடியதா? எந்தக் கம்பியும் சொல்லாமல் கொள்ளாமல் கழன்று வராது அக்கா. லிப்ட்டில் ஒரு போல்ட் போகப்போகிறது என்றால் பத்து நாளைக்கு முன்னாலேயே பாட ஆரம்பித்துவிடும். ஆடியிருந்தால் அப்பா யாரிடமாவது சொல்லியிருப்பார். என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.

இருவருக்கும் அன்பு.

தம்பி

ஏப்ரல் 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உனக்கு அங்கே வெயில் எப்படி? இங்கே கட்டுகள் சீக்கிரம் காய்கின்றன. அந்த மட்டில் வெயிலுக்கு நன்றி.

அப்பா நாற்பத்திரண்டு எட்டு நடக்கிறார். கூடத்திலிருந்து வாசல் கதவு வரை போய், கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார். தொட்டதும் தானே ஒரு விசில் ஊதிக்கொள்கிறார். மேல்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் கேட்க வருவதில்லை. விசில் சத்தம் கேட்டால் மாடியிலிருந்தே "எத்தனை சார்?" என்கிறார். அப்பா எண்ணிக்கையைச் சொல்கிறார்.

எங்கள் அறைக்குப் புது மேசை வந்திருக்கிறது. உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். என்னோடு வேலை செய்யும் தலைமை நர்ஸ் ஓய்வு பெறுகிறாள். அவளுக்கு என்ன வாங்குவது என்று ஒரு வாரமாகப் பேசிக் கடைசியில் ஒரு குடை வாங்கினோம். அவளிடம் ஏற்கெனவே மூன்று குடை இருக்கிறதாம். பக்கத்து மாடியில் யாரோ ஒரு நாய் வளர்க்கிறார்கள். அது அப்பாவின் விசிலுக்குப் பதில் சொல்கிறது.

உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நீ கேட்டதற்கெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். கண் எரிகிறது, முடிக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். நீயும் நலமாக இருப்பாய்.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தால் நீ ஒரு இடத்துக்கு மட்டும் கட்டுப் போட்டு அனுப்ப மாட்டாய். போன கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். நாய்வரைக்கும் எழுதியிருக்கிறாய், இரண்டாவதற்குப் பதில் இல்லை. பரவாயில்லை. என் மனம் நோகக் கூடாது என்று தவிர்க்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆடியிருக்கும், அப்பா எனக்குச் சொல்ல நினைத்திருப்பார், அதற்கு முந்தின மூன்று வாரமும் நான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதுதான் பதில், எனக்கே தெரியும்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஜூன் கடைசியில் இங்கே நாலு பேருக்குத் துறவு தருகிறார்கள். அதில் என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். லிப்ட்டையே கட்டிக்கொண்டவன் என்று நீ கேலி செய்வாயே, அதையும் விவாகரத்து செய்தாயிற்று. பின்னால் இழுக்க ஒன்றுமில்லை.

ஒரே ஒரு விதி. எத்தனை வயதானாலும் பெற்றவர்கள் சம்மதம் வேண்டும். அன்றைக்கு எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பார்கள், "பெற்றோர் சம்மதம் உண்டா?" என்று. உண்டு என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லிவிட்டு அந்த உடையைப் போட முடியாது. இதோடு படிவம் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி ஜூன் பத்துக்குள் அனுப்பு. நேரில் வந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தம்பி

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா நலம். இன்றைக்கு என்னைப் பற்றி விசாரிக்க வேண்டாம், நானே சொல்கிறேன்.

உன் படிவம் ஆறு வாரமாக என் கைப்பையில் இருக்கிறது. அப்பாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒருவேளை போட்டுக் கொடுத்திருப்பார். உன் விஷயத்தில் அவர் எப்போதும் இளகிய மண்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆடியது. அப்பா சொன்னார். என்னிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் டூட்டிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறேன். "ஏம்மா, பாத்ரூம் கம்பி ஆடுது. தம்பிகிட்டச் சொல்லு" என்றார். "சரிப்பா" என்றேன். மறந்துவிடக் கூடாது என்று பேனாவை எடுத்துப் புறங்கையில் "கம்பி" என்று எழுதிக்கொண்டேன். எங்கள் வேலையில் அப்படித்தான் பழக்கம். அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதினால் தொலைத்துவிடுவார்கள் என்று கட்டின் மேலேயே எழுதி அனுப்புவோம். எனக்கு நானே எழுதிக்கொள்வது புறங்கையில். அன்றைக்கு ஏழு கட்டு. ஏழு முறை வாளித் தண்ணீரில் கையை முக்கி மாவைப் பிழிந்தேன். சாயங்காலம் கையைப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. எழுதியதும் இல்லை, எழுதிய ஞாபகமும் இல்லை. ஐந்தாம் நாள் அப்பா விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு நீ "என் தப்புக்கா, என் தப்புதான்" என்று சொன்னாய். அப்போது எனக்கு அந்தப் புறங்கை ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். நீ மறுபடி "என் தப்பு" என்றாய். மூடிக்கொண்டேன். நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. யார் மேலாவது விழ வேண்டிய பழி, உன் மேல் விழுந்துவிட்டது. அப்பாவும் யாரிடம் சொன்னேன் என்று பேச்சே எடுக்கவில்லை. அப்புறம் நாளாக ஆகச் சொல்ல முடியாமல் இறுகிப்போய்விட்டது. மாவு இறுகுவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான்.

உனக்கு அம்பு, ரம்பம் என்று வாய் கிழிய எழுதினேனே, அத்தனையும் சரிதான். சொன்னவள்தான் சரியில்லை.

நீ துறவியாக வேண்டுமானால் தாராளமாக ஆகு. அது உன் இஷ்டம், நல்ல விஷயமும்கூட. ஆனால் என் மறதிக்கு நீ மொட்டை போட்டுக்கொள்ள வேண்டாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். இன்னும் எட்டு நாள் இருக்கிறது, இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிடும்.

மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 9

அக்கா,

கடிதம் வந்தது. இப்போது எழுதினால் நல்லபடியாக எழுத மாட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூலை 5

அன்புத் தம்பிக்கு,

மூன்றரைக் கால்கள். உன் மூன்று வரியை ஒரு மாதமாகப் படிக்கிறேன். திட்டவாவது செய். மௌனம் உங்கள் மடத்தில் பெரிய விஷயமாக இருக்கலாம், இங்கே அது என்னைத் தபால்காரர் வரும் வழியை வெறிக்க வைக்கிறது.

நான் அழுதுகொண்டு இருப்பதாக நினைக்காதே. ஒரு வாரம் அழுதேன், போதும் என்று நிறுத்திவிட்டேன். செய்தது தப்பு, சொல்லியாயிற்று. இனி அதையே எடுத்து எடுத்துக் குத்திக்கொண்டால் அது இரண்டாவது அம்பு. உனக்கு மருந்து எழுதிக் கொடுத்தவள் நானும் அதையே சாப்பிட வேண்டியதுதான்.

அப்பாவிடமும் சொன்னேன். கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். அப்புறம் விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினார்.

"ஃபவுல்" என்றார்.

"எனக்காப்பா?"

"மூணு பேருக்கும். அவன் ஒழுங்கா மாட்டல. நீ சொல்லல. ஆடுதுன்னு தெரிஞ்சும் நான் போய் அதையே புடிச்சேன்ல? என்னை யாரு புடிக்கச் சொன்னா?"

"ஏன்பா இத்தனை நாள் சொல்லல?"

"யாரும் கேக்கலியே. ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க. எனக்குக் கால் வலி. நான் அதைப் பாப்பேனா, உங்களைப் பாப்பேனா?"

அப்புறம் உன் படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் படித்தார். மடித்து ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டார். கையெழுத்துப் போடவில்லை. "கால் ஒடிஞ்சவன் நான். அவனுக்கு என்ன, வந்து கேக்கறதுக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வாசல் வரை நடக்கவும் இல்லை.

எழுது.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஒருவனுக்கு இரண்டு கால், ஒரு தலை, தலையில் முடியும் இருக்கிறது. ஜூன் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னேன். உன் கடிதம் வந்த அன்றே.

திட்டச் சொன்னாய். மனசுக்குள் நிறையத் திட்டினேன், தியான மண்டபத்தில் நேராக உட்கார்ந்துகொண்டு. ஆனால் எதற்குக் கோபம் என்று பார்த்தபோது விசித்திரமாக இருந்தது. நீ மறைத்ததற்குக் கொஞ்சம்தான். எட்டு மாதமாக மடியில் வைத்து வளர்த்த தப்பை நீ வந்து உன்னுடையது என்று பிடுங்கிக்கொண்டாயே, அதற்குத்தான் அதிகம். இளைய பிக்குவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "எல்லாம் என்னாலதான்னு சொல்றதும் ஒரு பெருமைதான். கொஞ்சம் அழுக்கான பெருமை" என்றார். போல்ட்டும் நட்டும் தெரியாதவருக்கு இது தெரிகிறது.

அடுத்த வாரம் நடந்ததைக் கேள். கிணற்றடிக்குப் போகும் படிகள் மழையில் வழுக்குகின்றன என்று, இரண்டு பக்கமும் தூண் நட்டுப் பிடிகயிறு கட்டினேன். இந்த முறை ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று முடிச்சுக்கு மேல் முடிச்சு. தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. சமையலம்மா குடத்தோடு வந்தார். நாலே முக்கால் அடி இருப்பார். கையைத் தோளுயரம் தூக்கிக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருக்குப்பா? எனக்கா, ஒட்டகச்சிவிங்கிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அங்கேயே நின்று என் கையை மடக்கிக் கயிற்றின் மேல் வைத்துப் பார்த்தேன்.

அக்கா, நான் ஆறடி. அப்பா ஐந்தடி இரண்டங்குலம். அந்தக் கம்பியை எந்த உயரத்தில் மாட்டினேன் தெரியுமா? நாற்பத்தைந்து அங்குலம். ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் என் கையை மடக்கிச் சுவரில் வைத்து, இங்கே வசதியாக இருக்கிறது என்று குறி போட்டேன். என் கை. அப்பா அந்த நேரம் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார். அவருக்கு அது நெஞ்சுயரம். எழும்போது ஊன்றி எழ முடியாது, பிடித்துத் தொங்கத்தான் முடியும். தினமும் தொங்கியிருக்கிறார். தொங்கத் தொங்கத் திருகாணி நெகிழ்ந்திருக்கிறது. நான் ஒழுங்காகத்தான் முடுக்கினேன். வேறொருவருக்கு முடுக்கிவிட்டேன்.

இதைக் கண்டுபிடித்ததும் மறுபடி நெஞ்சில் அடித்துக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். ஆச்சரியம், அப்படி ஒன்றும் வரவில்லை. உயரம் ஒரு காரணம், உன் வாளித் தண்ணீர் ஒரு காரணம், அப்பாவின் பிடிவாதம் ஒரு காரணம், சோப்பு ஒரு காரணம். எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. இதில் எதையும் நான் கும்பிட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியும், அதைச் செய்தால் போதும் என்று தோன்றியது. பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வருகிறேன். படிவம் ரேடியோவுக்கு அடியிலேயே இருக்கட்டும். நவம்பரில் மறுபடி துறவு தருகிறார்களாம். அப்போதும் இந்த ஆசை இருந்தால், அப்பா முகத்தைப் பார்த்து நானே கேட்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை. துளையை முன்பு போட்ட இடத்தில் போட முடியாது. அப்பா குளியலறையில் நேராக நின்று கையைத் தொங்கவிட்டு, முழங்கையை லேசாக மடக்கினால், உள்ளங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. கூடத்தில் அளந்தால் சரிவராது, குளியலறையில் தரைச் சரிவு வேறு. அவர் உள்ளே வர மாட்டார் என்று தெரியும். ஆனாலும் கேட்டுப் பார். போன தடவை நான் கேட்கவே இல்லை.

உன் மேல் கோபம் இல்லை. இருந்தது, அது வந்த வழியே போய்விட்டது. இடுப்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூலை 31

அன்புத் திருப்புளிக்கு,

இங்கே இரண்டு பேருக்கு மூன்றே முக்கால் கால்கள். மீதிக் காலைத் தர மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வயதாகிவிட்டதாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒட்டகச்சிவிங்கி வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "அஞ்சடி மூணு. ரெண்டு இல்ல" என்றார். அளக்கச் சொல்லி நீ எழுதிய பாராவைப் படித்து முடித்தேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சட்டத்தை இழுத்தார்.

"டேப்பை எடு."

குளியலறை வாசலில் வந்து நின்றார். நான் பின்னால். எத்தனை நேரம் நின்றார் என்று தெரியாது. பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உள்ளே போனார், ஒன்று, இரண்டு, மூன்று. பத்து மாதத்துக்கு அப்புறம். சுவரில் உன் பழைய நாலு துளையும் அப்படியே இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு, "தேங்காய் பறிக்கிற உயரத்துல மாட்டியிருக்கான் பாரு" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, டேப்பில் எண்ணே தெரியவில்லை.

நேராக நின்றார், பள்ளி மைதானத்தில் நிற்பது போல. சட்டத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் மண்டி போட்டு அளந்தேன். பழக்க தோஷம், பேனாவை எடுத்துப் புறங்கையில் எழுதப் போனேன்.

காதடைக்க ஒரு விசில். "கையில எழுதாத!"

பேனாவை என்னிடமிருந்து வாங்கிச் சுவரில் தானே ஒரு கோடு போட்டார். கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார், கம்பி இருப்பது மாதிரி. "ம்" என்றார். மேல்வீட்டிலிருந்து "எத்தனை சார்?" என்று குரல் வந்தது. நான் டேப்பைச் சுவரில் வைத்து மறுபடி அளந்தேன்.

நவம்பர் பற்றிக் கேட்டேன். அவன் நேரில் கேட்டால் சம்மதம் தருவீர்களா என்று.

"முதல்ல வந்து மாட்டட்டும். புடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பத்திரமாக வா. உன் டிரில் மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

முப்பத்தொன்றரை அங்குலம். இரண்டு முறை அளந்தோம். சுவரில் இருக்கிறது, இந்தக் காகிதத்தில் இருக்கிறது. கையில் இல்லை.